வால்நுள்ளி டொக்டரின் மயக்கக் கணக்கு

திருகோணமலையில் இதுவரை வாழ்ந்த மனிதர்களில், ஒரு நாளைக்கு ஆகக் கூடுதலான தடவை கோபப்பட்டவர் எங்கள் மாட்டாஸ்பத்திரி வால்நுள்ளி டொக்டர்தான். இதை நான் சும்மா சொல்லவில்லை. அவருக்குக் கீழே கிளாக்கராக வேலை பார்த்து, அந்தக் கோபத்தில் பெரும்பங்கை முன்னால் நின்று வாங்கியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். காலையில் சைக்கிளை விட்டு இறங்கும்போதே யார் மேலாவது கோபத்தோடுதான் இறங்குவார். பெரும்பாலும் அது, நடு றோட்டில் படுத்துக் கிடந்த ஏதோ ஒரு மாட்டின் சொந்தக்காரன் மேல் இருக்கும். மாட்டின் மேல் ஒருநாளும் இருந்ததில்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் மாதாமாதம் அதை எழுதியவனே நான்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கோட்டையடியிலிருந்து துறைமுகம் வரைக்கும் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. வால்நுள்ளி டொக்டர் என்றால், சந்தையில் மீன் விற்கிறவர் கூட மீனைக் கீழே வைத்துவிட்டு வழிகாட்டுவார். மற்ற ஊர்க்காரர் கிள்ளுவது என்று சொல்வதைத்தான் நாங்கள் நுள்ளுவது என்போம். அவர் யாருடைய வாலை, ஏன் நுள்ளினார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பாதிக் கோபம் ஆறவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரி உட்துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த பழைய ஓட்டுக் கட்டடம். பின்வளவில் சீமெந்துத் தரை போட்ட ஒரு இடமும் அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரமும் இருந்தன. அவர் வரும்வரை, மாட்டுக்கு ஒப்பரேசன் என்றால் அங்கே ஒரே முறைதான். நாலு காலையும் கயிற்றால் கட்டி விழுத்துவது, ஒருவர் கழுத்தில் ஏறி இருப்பது, டொக்டர் கத்தியை வைப்பது. மாடு கத்துகிற சத்தத்தில் துறைமுகத்தில் சாமான் இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். வந்து ஏழு நாள் ஆகுமுன், முதல் கிழமையே அவரும் அப்படி ஒன்றைச் செய்ய வேண்டியதாயிற்று. செய்து முடித்துவிட்டுக் கையைக் கூடக் கழுவாமல் எங்கள் எல்லோரையும் வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்தார்.

"மாடு வாய் திறந்து சொல்லாது எண்டதுக்காக அதுக்கு நோகாதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் அதைச் சொல்லும் துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை. எனக்கு இதில் சம்பந்தமே இல்லை, நான் கடிதம் எழுதுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியென்றால் கத்தல் கேட்டும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவன் என்று அதற்கும் தனியாக ஏச்சு விழுந்தது.

இந்தக் கோபத்தில் இருந்த காலத்தில்தான் அவருக்கு மயக்க யந்திரம் கிடைத்தது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்கள் ஊர் முழுக்கக் கைமாறிக்கொண்டிருந்தன. யாரோ ஒருவரின் களஞ்சியத்தில், மனிதருக்கு மயக்கம் கொடுக்கும் பழைய யந்திரம் ஒன்று தூசி பிடித்துக் கிடந்ததை டொக்டர் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே நல்ல அலுமாரியைக் கொடுத்து அதை மாற்றி எடுத்து வந்துவிட்டார். அந்த அலுமாரி என்னுடையது. அதன்பிறகு என் கோப்புகள் எல்லாம் தரையில் கிடந்தன. மழைக்காலத்தில் அவை கதிரைக்கு ஏறும், நான் நின்றுகொண்டு எழுதுவேன்.

மனிதருக்குச் செய்த யந்திரத்தை மாட்டுக்கு ஏற்றதாக்குவதில் ஊரில் பாதிப்பேர் இழுபட்டார்கள். லொறி டியூபை வெட்டி, சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து, மாட்டின் மூஞ்சிக்கு அளவாக ஒரு மூடி தைத்தார்கள். கடற்படையின் கிழிந்த ரப்பர் மிதவை ஒன்றை ஒட்டிப் பெரிய பை ஒன்று செய்தார்கள். மாடு மூச்சுவிடும்போது அது உப்பி உப்பி அடங்க வேண்டும். கொழும்பில் இருந்த சிநேகிதர் ஒருவர் ஹலோதேன் என்ற மருந்தைப் போத்தலில் அனுப்பிவைத்தார். யந்திரத்தின் குமிழைத் திருப்பினால் மருந்தின் ஆவி கூடுதலாகவோ குறைவாகவோ காற்றில் கலந்து மூடிக்குள் போகும். எவ்வளவு திருப்புவது என்பதுதான் கேள்வி. கூடினால் மாடு எழும்பாது, குறைந்தால் கத்தி படும்போது எழும்பிவிடும்.

புத்தகத்தில் ஓர் அளவு இருந்தது. நியாயமான மனிதன் அதைப் பார்த்துத் திருப்பியிருப்பான். எங்கள் டொக்டர் அந்தப் பக்கத்தை விரித்து என் மேசையில் ஓங்கி வைத்தார். அதில் படத்தில் நின்ற மாடு பசும்புல்லில், எங்கள் ஊர் மாடு இரண்டைச் சேர்த்த பருமனில் நின்றது. எங்கள் மாடு கடற்காற்றைக் குடித்து, சுவரொட்டியைத் தின்று வளர்ந்தது.

"இது ஆரின்ட மாட்டுக்கு எழுதின கணக்கு? எங்கட மாட்டை இவங்கள் ஒருக்காக் கேட்டவங்களோ?"

புத்தகம் எழுதுகிறவர்கள் மாட்டைக் கேட்டு எழுதுவதில்லை என்று நான் பணிவாகச் சொன்னேன். அப்படியென்றால் தானே கேட்கப் போவதாக அவர் சொன்னார். மாட்டைக் கேட்பது என்றால் அதன் வாலை நுள்ளுவது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முறை இதுதான். மாட்டைப் படுக்கவைத்து, மூடியைப் போட்டு, குமிழை ஓர் அளவில் நிறுத்திக் கால் மணித்தியாலம் பொறுத்திருக்க வேண்டும். மூச்சில் போன ஆவி மூளைக்கும் போய்ச் சேர அந்த நேரம் வேண்டுமாம். பிறகு ஒரு பெரிய இடுக்கியால் வாலை நெரித்துப் பிடிப்பார். மாடு தலையைத் தூக்கினாலோ காலை உதறினாலோ மருந்து போதாது. குமிழைக் கொஞ்சம் கூட்டி, பொறுத்திருந்து, மறுபடி நுள்ளுவார். அசையாவிட்டால் மருந்து போதும். அத்தோடு நிறுத்துவாரா என்றால் மாட்டார். குமிழைக் குறைத்து, மறுபடி பொறுத்திருந்து, மறுபடி நுள்ளுவார். அசைகிற அளவுக்கும் அசையாத அளவுக்கும் நடுவில்தான் அந்த மாட்டின் கணக்கு இருக்கிறதாம். இப்படிப் பல மாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால் எங்கள் ஊர் மாட்டுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரியுமாம்.

படுக்கவைத்து, பாடுபட்டு நித்திரையாக்கிய மாட்டை எதற்காக ஐயா நுள்ளி எழுப்புகிறீர்கள் என்று கேட்டேன். என் கேள்வியில் கோபம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு நான் பிடிக்க வேண்டிய கடைசி பஸ் அந்த வாலுக்காகப் போய்விட்டது.

"கத்தி வைக்கேக்கை அது எழும்பாதெண்டு உமக்கு எப்பிடித் தெரியும், கிளாக்கர்? நான் இப்ப நுள்ளிக் கேட்டால்தான் பிறகு கத்தியை நம்பி வைக்கலாம்."

ஒவ்வொரு தடவையும் மாட்டின் வாலுக்கு முன் தன் சுண்டுவிரலை அந்த இடுக்கிக்குள் வைத்து நெரித்துப் பார்ப்பார். நோகாத நுள்ளு நுள்ளினால் மாட்டை ஏமாற்றியதாகும் என்பார். அந்த விரல் எப்போதும் நாவற்பழ நிறத்தில் இருக்கும். ஒருமுறை அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து மேற்பார்வைக்கு வந்த பெரியவர் ஒருவர், இந்தச் சின்னச் சாமான் மாட்டுக்கு எங்கே நோகப் போகிறது என்று சிரித்தார். டொக்டர் அவரைக் கையைக் காட்டச் சொன்னார். பெரியவரும் மரியாதைக்குக் காட்டினார். பெரியவர் போட்ட சத்தத்தைப் பற்றி மேலிடத்துக்கு விளக்கம் எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? விரலை நெரித்தவர் எழுதவில்லை. அலுமாரியும் இல்லாமல் நின்றுகொண்டு நான்தான் எழுதினேன்.

மாடு மயங்குமுன் ஒருநாள் பட்டினி கிடக்க வேண்டும். வயிறு நிறைந்த மாடு மயங்கினால் தின்றது மேலே வந்து மூச்சை அடைத்துவிடும். அப்படிப் பட்டினி போட்டுக் கட்டியிருந்த ஒரு பசு, என் ஜன்னலால் தலையை நீட்டி, மேசையில் இருந்த சோற்றுப் பார்சலை வாழையிலையோடு தின்றுவிட்டது. பட்டினி கெட்டுவிட்டது என்று டொக்டர் குதித்தார். பசித்த ஜீவனுக்கு முன்னால் சோற்றை வைத்த கொடியவன் என்று எனக்குப் பேச்சு. பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். அன்றைக்குப் பகல் முழுக்கப் பட்டினி கிடந்தது பசு இல்லை, நான்.

ஊரிலும் கொதிப்புத்தான். வாலில் இடுக்கித் தழும்பு இருந்தால் மாட்டை விற்க முடியவில்லை, நோய் மாடு என்று வாங்குகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்று சாம்பல்தீவிலிருந்தும் சம்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து சண்டை பிடித்தார்கள். டொக்டர் அவர்களோடு வாசலில் நின்று அவர்களைவிடப் பலமாகச் சண்டை பிடித்தார். எப்படியோ, காயத்துக்கும் கட்டிக்கும் வந்த மாடுகளை வைத்தே அவர் தன் கணக்கை ஒப்பேற்றிக்கொண்டு போனார்.

இதில் அவருக்கு வலக்கை சின்னத்தம்பி. சாம்பல்தீவுக்காரர், டொக்டரைவிட வயதில் மூத்தவர், ஆஸ்பத்திரியில் மாடு பிடிப்பதே அவர் வேலை. எந்த முரட்டு நாம்பன் காளையும் அவர் கைபட்டால் அடங்கிவிடும். மூடி கழன்று ஆவி வெளியே போகாமல், மாட்டின் கழுத்தருகே குந்தியிருந்து அவர்தான் அழுத்திப் பிடிப்பார். வெயிலில் மாட்டின் உடம்பு சூடேறினால் கணக்கு மாறும் என்பதால், இடுப்பிலிருந்து குளம்பு வரைக்கும் ஈரச்சாக்குப் போட்டு மூடுவதும் அவர்தான். டொக்டர் வாலையும் மணிக்கூட்டையும் குமிழையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் கணக்கு வந்தது. எங்கள் ஊர் மாட்டுக்குப் புத்தகத்து மாட்டைவிட மிகக் குறைந்த மருந்தே போதும் என்று வந்தது. டொக்டர் கோபப்படாமல் இருந்த கிழமை அது ஒன்றுதான். பஸ் கொண்டக்டரிலிருந்து தபால்காரர் வரைக்கும் பிடித்து நிறுத்தி, எங்கள் மாட்டின் பெருமையைச் சொன்னார். புத்தகம் எழுதியவர்களுக்குப் பாடம் படிப்பிக்க ஒரு நல்ல ஒப்பரேசனுக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் குடாவுக்கு அக்கரை மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் சுபைதா ராத்தா வந்தார். புருசன் இல்லாத மனுசி. பால் விற்றுத்தான் சீவியம். கறவை மாடு செத்துப்போய், இன்னும் ஈனாத அதன் நாகுகன்று ஒன்றுதான் மிச்சம். அதற்குச் சீனி என்று பெயர் வைத்திருந்தார். சீனிக்குத் தொப்புளில் குடல் இறங்கி, வயிற்றுக்குக் கீழே தேங்காய் அளவில் தொங்கியது. அப்படியே விட்டால் ஒருநாள் குடல் நெரிபட்டுச் செத்துவிடும். இறைச்சிக் கடைக்காரர் விலை பேசிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தார். சரிசெய்ய வேண்டுமானால் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைத் திறக்க வேண்டும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராத்தா ஒன்றைத்தான் கேட்டார்.

"செத்தா அல்லாஹ்ட நாட்டம் டொக்டர். கத்த மட்டும் விட்ராதீங்க. அவள் கத்தினா எனக்குத் தாங்க ஏலாது."

"கத்தாது. நான் பொறுப்பு" என்றார் டொக்டர்.

ஒப்பரேசன் நாள் காலையில் மதிலுக்கு மேலால் ஊர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. சீனியை ஊசிபோட்டுச் சரித்து, மூடியைப் போட்டு, மணல்மூட்டைகளை அண்டைகொடுத்து மல்லாக்கக் கிடத்தினார்கள். சின்னத்தம்பி கயிற்றோடு வந்தார். டொக்டர் அதைப் பிடுங்கி எறிந்தார். மயங்கின மாட்டுக்கு என்னத்துக்குக் கயிறு, சனம் பார்க்கட்டும் என்றார். மூடியை வாரால் கட்டிவிட்டு, கழுத்தையும் ஒருவரும் பிடிக்கக்கூடாது என்று தடுத்தார். ஒரு காலுக்காவது போடுகிறேன் என்று சின்னத்தம்பி கெஞ்சினார். நடக்கவில்லை. குமிழ் எங்கள் ஊர் மாட்டுக்கான அளவில் நின்றது. கத்தியைக் கையில் எடுக்குமுன் டொக்டர் தன் விரலை நுள்ளிப் பார்த்துவிட்டு, சீனியின் வாலை நுள்ளினார்.

சீனி எழும்பியது. மணல்மூட்டைகள் ஆளுக்கொரு பக்கம் உருண்டன. மூஞ்சியில் மூடியும், அதிலிருந்து இழுபட்ட மிதவைப் பையுமாக, கள்ளுக் குடித்த ஆளைப் போலத் தள்ளாடிக்கொண்டு வாசலால் வெளியே போனது. மீன் தட்டுகளை மிதித்து, கடற்படை வாசலில் நின்ற காவற்காரரைச் சுவரோடு ஒட்டவைத்து, நேராக மூதூர் லோஞ்சு வருகிற இறங்குதுறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போகிற வழி அதற்குத் தெரிந்திருந்தது. பின்னால் டொக்டர், அவருக்குப் பின்னால் சின்னத்தம்பி, கடைசியில் நான், எங்களுக்குப் பின்னால் திருகோணமலை. ஊர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. முதலில் போய்ச் சேர்ந்த ராத்தா சீனியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏலாட்டி ஏலாதுண்டு சொல்லுங்க டொக்டர். கடைக்காரனுக்கு நான் மறுமொழி சொல்லணும்."

டொக்டர் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கேட்டார். அவர் ஒருவரிடம் பணிந்து கேட்டதை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்ததும் யந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார், போத்தலை மணந்து பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. இத்தனை மாடும் இந்த அளவில் அசையாமல் கிடந்ததே, இது மட்டும் எப்படி எழும்பியது என்று சின்னத்தம்பியைக் கேட்டார்.

"அதுகளைக் கட்டியெல்லோ வச்சனான், ஐயா."

ஈரச்சாக்குக்குக் கீழே, ஒவ்வொரு மாட்டுக்கும், பின்னங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் வைத்திருந்தாராம். மூடியைப் பிடிக்கிற சாட்டில் முழங்காலால் கழுத்தையும் அமத்திக்கொண்டு இருந்தாராம். மாட்டின் வாலில் ஒருவர் கைவைக்கும்போது காலைக் கட்டாமல் விடுகிற வழக்கம் அவர் பரம்பரையில் கிடையாது. இதை ஒளிப்பதற்குரிய விசயமாகவே அவர் நினைக்கவில்லை. அசைகிறதா என்று பார்க்கத்தான் நுள்ளுகிறார்கள், அசையவிடாமல் பிடிப்பது தன் வேலை, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சின்னத்தம்பிக்கு விழுந்த ஏச்சை எழுதினால் இந்தப் பத்திரிகையில் மறுபடி எனக்கு இடம் கிடைக்காது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"உதை விழுந்து நீங்கள் போயிட்டா, இப்பிடி நுள்ளிப் பார்க்கிற டொக்டர் வேற ஆர் எங்களுக்கு வருவினம்?"

எனக்கோ வேறொன்று ஓடியது. டொக்டர் அந்த நுள்ளு நுள்ளாமல் நேரே கத்தியை வைத்திருந்தால் சீனி என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்றோடு வாலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. இந்தமுறை கயிறு இல்லை, சாக்கை டொக்டரே விலக்கிப் பார்த்துக்கொண்டார். சின்னத்தம்பி பயந்தபடியே உதைகள் விழுந்தன. ஒரு நாம்பன் தொடையில் கொடுத்ததில் டொக்டர் பல நாள் நொண்டினார். ஆனால் ஒவ்வொரு உதைக்கும், அசைகிறது பார்த்தாயா என்று சந்தோசமாகக் கத்தினார். ராத்தா ஊருக்குப் போகாமல் இனத்தவர் வீட்டில் தங்கி, தினமும் வாசலில் வந்து நின்றார். கடைக்காரரும் வந்து நின்றார். அவரை டொக்டர் துரத்திக்கொண்டு ஓடியதற்கும் விளக்கம் நான்தான் எழுதினேன். கடைசியில் வந்த கணக்கு, புத்தகத்துக் கணக்குக்கு மிகக் கிட்டவே நின்றது. இத்தனை பாடும் பட்டபிறகு புத்தகம் சரியாக இருப்பது எவ்வளவு அநியாயம் என்று டொக்டர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்.

மறுபடி சீனியைக் கிடத்தினார்கள். கயிறு இல்லை. நடு அளவில் நின்றால் இரண்டு மாட்டில் ஒன்று அசையும் என்பதால் அதற்கு மேலே குமிழை வைத்தார். நுள்ளினார். அசைவில்லை. கத்தியை வைத்தார். ராத்தா உள்ளே வரமாட்டேன் என்று மதிலுக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருந்தார். டொக்டர் குடலை உள்ளே தள்ளி, வயிற்றைத் தைத்து முடிக்கும்வரை காகம் கத்தியதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. குமிழை மூடி, மூடியைக் கழற்றினார்கள்.

சீனி எழும்பவில்லை. நாங்கள் காத்திருந்தோம். வேப்பமர நிழல் சீனியை விட்டு விலகிப் போயிற்று. சின்னத்தம்பி சாக்கைப் பிடித்து வெயிலை மறைத்தார். டொக்டர் தரையில் இருந்து அதன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மொய்த்த இலையான்களை விரட்டினார். யாரையும் ஏசவில்லை. மருந்து கூடிவிட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

பின்னேரமாகிக்கொண்டு வந்தபோது ஒரு காது ஆடியது. பிறகு சீனி தலையைத் தூக்கி, முன்னங்கால்களை மடித்து நிமிர்ந்து, வளவு முழுக்கக் கேட்கிறமாதிரி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. ராத்தா ஓடிவந்து அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டும் நோகலியே டொக்டர் இவளுக்கு?"

டொக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். தரையில் இருந்தபடி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்களுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. சின்னத்தம்பிதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"ஐயா, எங்களை ஒருக்கா ஏசுங்கோவன்."

அவர் எழும்பி, எங்களை வேப்பமரத்தடியில் வரிசையாக நிற்கவைத்து ஏசினார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்று, ஆசை தீர வாங்கிக்கொண்டோம்.